பழைய பிக்கப் வாங்கி கேம்பர் ஏத்தலாமா? வண்டி தேடும் முன் இந்த ரெண்டு நம்பரைப் பாருங்க!

சரவணம்பட்டியில் ஒரு பழைய வண்டி கன்சல்டிங்குக்குப் போய், "கேம்பர் போட ஒரு வண்டி வேணும்"னு கேட்டுப் பாருங்க. "கேம்பர் தானுங்களே, பொலிரோ கேம்பர் ரெண்டு நிக்குதுங்க, பார்க்கறீங்களா?" என்றுதான் பதில் வரும். நம்ம ஊரில் கேம்பர் என்றால் அது முன்னால் அஞ்சு பேர் உட்கார்ந்து, பின்னால் லோடு ஏத்துற வண்டியோட பேர். யூடியூபில் பார்த்துவிட்டு நீங்க கேட்பது வேறு. பிக்கப்பின் முதுகில் ஏற்றி வைக்கிற, படுக்கையும் அடுப்பும் உள்ள குட்டி வீடு.

வெள்ளிக்கிழமை லாக்-அவுட் பண்ணிட்டு நேரா வால்பாறையோ ஊட்டியோ கிளம்பணும், ரூம் தேடக் கூடாது. ஆசை நியாயமானதுதான். புது கேரவன் வாங்கப் பட்ஜெட் இல்லை, அதனால் பழைய பிக்கப். இந்தக் கணக்கும் ஓரளவு சரி. ஆனால் நிறைய பேர் வண்டியை முதலில் வாங்கிவிட்டு, கேம்பரைப் பற்றி அப்புறம் யோசிக்கிறார்கள். அங்கேதான் பணமும் போகிறது, ஆபத்தும் வருகிறது. என்ன பார்க்கணும், எதை எப்போது பார்க்கணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பார்க்க வேண்டிய ரெண்டு நம்பர் எது?

கிலோமீட்டரும் இல்லை, மாடல் வருஷமும் இல்லை. ஆர்.சி.யில் இருக்கும் காலி எடையும் மொத்த எடையும்தான். மொத்த எடை என்பது வண்டி, லோடு, ஆட்கள் எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு. அதிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்க ஏற்றக்கூடிய எடை. டிரைவர் எடையும் இதற்குள்தான் அடங்கணும்.

இப்போ கேம்பர் பக்கம் வாங்க. 12 எம்.எம். பிளைவுட், எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று சுமார் 22 கிலோ. பத்து ஷீட் என்றால் 220. இரும்புச் சட்டம் 100 என்று வையுங்க. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற மாதிரி டியூபுலர் பேட்டரி 60. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, 80 லிட்டர் டேங்க் என்றால் 80. சோலார் பேனல் 20. மெத்தை, அடுப்பு, சாமான் எல்லாம் சேர்த்து 60. கூட்டினால் 540 கிலோ. ரெண்டு பேர் ஏறினால் 680 ஆகிறது. இது உத்தேசக் கணக்குதான், ஆனால் மரத்தில் பெட்டி அடிப்பவர்களுக்கு நிஜ எடை பெரும்பாலும் இதற்கு மேலேதான் போகும்.

அப்போ எந்த வண்டி தாங்கும்?

இங்கேதான் சிக்கலே. நம்ம ஊர் பிக்கப்புகள் ரெண்டு ஜாதி.

முதல் வகை, வெள்ளை போர்டு. ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஜெனான் எக்ஸ்டி, 2016-ல் வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகள். சொந்த உபயோக வண்டியாகவே பதிவாகியிருக்கும். கார் மாதிரி 15 வருஷப் பதிவு. ஆனால் பார்க்க யானை மாதிரி இருந்தாலும், ஆர்.சி. படி ஏற்றக்கூடிய எடை சிலவற்றில் 500 கிலோவைக்கூடத் தொடாது. மேலே போட்ட 680 கிலோ கணக்கு அங்கேயே தோற்றுவிடும்.

இரண்டாவது வகை, மஞ்சள் போர்டு. பொலிரோ பிக்கப், டாடா 207, அசோக் லேலண்ட் தோஸ்த். பொலிரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் என்று லோடு வண்டியின் பேரிலேயே வந்துவிடுகிறது. எடை தாராளம். ஆனால் பேப்பரில் அது சரக்கு வாகனம். அதில் ஒரு வீட்டைப் பொருத்தினால் சட்டம் அதை எப்படிப் பார்க்கும் என்பது அடுத்த கேள்வி.

சுருக்கமா சொன்னா, வெள்ளை போர்டில் பேப்பர் சுலபம், எடை கம்மி. மஞ்சள் போர்டில் எடை தாராளம், பேப்பர் சிக்கல். இதில் எந்தச் சிக்கலை உங்களால் சமாளிக்க முடியும் என்பதுதான் வண்டியைத் தீர்மானிக்கணும்.

"எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்குங்க, ரெண்டு டன் தாங்கும்"னு விற்பவர் சொன்னால் சந்தோஷப்படாதீங்க. ஸ்பிரிங் கூடுதலாகப் போட்டதால் பிரேக்கும் ஆக்ஸிலும் மாறிவிடாது. ஆர்.சி.யில் இருக்கும் எடையும் மாறாது. அந்த வண்டி இதுவரை ஓவர்லோடில் ஓடியிருக்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம்.

கேம்பர் பொருத்துவது சட்டப்படி சரியா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாத மாற்றங்களுக்கு, 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அதற்காக கேரவனே கூடாது என்று அர்த்தமில்லை. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி அங்கீகாரம் வாங்கிய நிறுவனம் கட்டி, ஆர்.டி.ஓ. பதிவில் ஏறினால் அது முறையான வண்டி. 2022-ல் மஹிந்திரா நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கேம்பர்வேன் ஃபேக்டரி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதும் இதே மாதிரி யோசனைக்குத்தான். அடித்தளம் எது தெரியுமா? நம்ம பொலிரோ கேம்பர் கோல்டு!

பாடி கட்டுவது கொங்கு மண்டலத்துக்குப் புதுசு இல்லை. பஸ் பாடிக்கு கரூர், லாரிக்கு நாமக்கல், ரிக் வண்டிக்கு திருச்செங்கோடு என்று ஊருக்கு ஊர் பேர் இருக்கிறது. கட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் "கட்டித் தரேன்" என்பது வேறு, "அப்ரூவலோடு கட்டித் தரேன்" என்பது வேறு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அங்கீகாரச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

வெல்டிங் பண்ணாமல், லோடு மாதிரி கட்டி வைத்தால்?

கழற்றி வைக்கும் கேம்பருக்கு எல்லோரும் சொல்லும் சமாதானம் இது. பொருளை லோடாக ஏற்றிக் கட்டுவது வேறு, வண்டியையே மாற்றுவது வேறு என்பது வாதம். ஆனால் சாலையில் நிறுத்தும் அதிகாரி அதை லோடாகப் பார்ப்பாரா, மாற்றமாகப் பார்ப்பாரா என்பதை முன்கூட்டியே அடித்துச் சொல்ல முடியாது. அதனால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது.

லோடாகவே எடுத்துக்கொண்டாலும் விதிகள் உண்டு. அனுமதித்த அளவைத் தாண்டி பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். ஓவர்லோடுக்கும் 20,000, கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓடும்போது பின்னால் ஆள் படுத்துக்கொண்டு வரவே கூடாது.

இன்ஷூரன்ஸ் இன்னும் முக்கியம். வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரம்பு பாலிசியிலேயே இருக்கும். சொல்லாமல் செய்த மாற்றத்தோடு விபத்து நடந்தால் கிளைம் தகராறாகிவிடும். கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதி, பதிலை வாங்கி வையுங்க.

மஞ்சள் போர்டு ஓட்ட தனி லைசென்ஸ் வேணுமா?

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், சாதாரண கார் லைசென்ஸே போதும். 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை. ஆனால் எஃப்.சி. வேண்டும். முதல் எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். மாசத்துக்கு ஒரு ட்ரிப் போவதற்காக இந்தச் செலவைச் சுமக்கணுமா என்றும் யோசியுங்க.

10 வருஷ டீசல் வண்டிக்குத் தடை இருக்கே?

அது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. ஆனால் வயசுக்கு விலை உண்டு. 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. 14 வயசு வண்டி மலிவாகக் கிடைத்தால், அது ஏன் மலிவு என்று இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

வண்டியில் என்னென்ன செக் பண்ணணும்?

இன்ஜினை எப்படியும் மெக்கானிக் பார்த்துவிடுவார். பிக்கப்பில் நீங்க குனிந்து பார்க்க வேண்டியது சேசிஸ்.

- முன்பு என்ன லோடு அடித்தது? கிணத்துக்கடவு தக்காளியா, பொள்ளாச்சி தேங்காயா, பல்லடம் பிராய்லர் கோழியா, ஜல்லியா? கோழி வண்டியில் எச்சமும் தண்ணீரும் தளத்தை அரித்திருக்கும். ஜல்லி வண்டி ஓவர்லோடு பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.
- சேசிஸில் வெல்டிங் தழும்பு: ஸ்பிரிங் பிடிக்கிற இடங்களில் விரிசலோ, புது பெயின்ட்டோ தெரிந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்க.
- காலையில் முதல் ஸ்டார்ட்: நீங்க போகும்போது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், "நாளைக்கு வரேன்" என்று கிளம்புங்க. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்க. புகை பொங்கினால் உள்ளே தேய்மானம்.
- டயர் வயசு: ஓரத்தில் உள்ள நாலு இலக்க எண்ணில் முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் இருக்கிறது என்பதற்காகப் பழைய டயரோடு மலை ஏறாதீங்க.
- பேப்பர்: சேசிஸ் நம்பரைப் பென்சில் உரசி ஆர்.சி.யோடு ஒப்பிடுங்க. பரிவாஹனில் கடன், இ-சலான், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் நிலவரம் பாருங்க. பழைய கடன் முடிந்திருந்தாலும் ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கணும்.

பேர் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. 29, 30-ம் நம்பர் படிவங்களில் கையெழுத்து வாங்கி, சட்டம் சொல்லும் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் கொடுத்துவிடணும். இன்ஷூரன்ஸை உங்க பேருக்கு மாற்ற 14 நாள்தான். விற்பவருக்கும் இதில் அக்கறை வேணும். பதிவில் யார் பேர் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மலையில் இந்த எடை என்ன செய்யும்?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. ஏறுவது இன்ஜின் பாடு. இறங்குவதுதான் உங்க பாடு. கூடுதல் எடையோடு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்கணும். பெட்டி உயரமாக இருந்தால் வளைவில் வண்டி சாயும். அதனால் பேட்டரி, தண்ணீர் டேங்க் மாதிரி கனமானதெல்லாம் கீழே, பின் ஆக்ஸிலுக்கு முன்னால் வரணும்.

நேரமும் முக்கியம். சத்தி ரோட்டில் பண்ணாரி தாண்டி புலிகள் காப்பகத்துக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை வெளியூர் வண்டிக்கு அனுமதி இல்லை. நீலகிரிக்கு 2024 மே முதலும், வால்பாறைக்கு 2025 நவம்பர் முதலும் இ-பாஸ் வேணும். காப்புக்காட்டு ஓரத்தில் நிறுத்தித் தூங்கும் யோசனை வேண்டவே வேண்டாம். தனியார் எஸ்டேட், ரிசார்ட் வளாகத்தில் அனுமதி வாங்கி நிறுத்துங்க.

தூங்கும்போது என்ன கவனிக்கணும்?

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்தில் தெரியவே தெரியாது.

ஊட்டிக் குளிருக்கு உள்ளே கரி அடுப்பு வைப்பது, ஜெனரேட்டரை ஒட்டி வைப்பது, இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவது, மூன்றுமே உயிருக்கு ஆபத்து. சமையலை வெளியே வையுங்க. மேலேயும் கீழேயும் காற்று போக வழி விடுங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்க.

கடைசியில், என்னதான் பண்ணலாம்?

வரிசையை மாற்றுங்க. முதலில் கேம்பர் என்ன எடை வரும் என்று பேப்பரில் போடுங்க. அப்புறம் அதைத் தாங்கும் ஆர்.சி.யைத் தேடுங்க. வெள்ளை போர்டு பிக்கப்தான் பிடித்திருக்கிறது என்றால் மரப்பெட்டியை மறந்துவிட்டு, 50 முதல் 80 கிலோவுக்குள் முடிகிற ரூஃப்-டாப் டென்ட், லித்தியம் பேட்டரி என்று எளிமையாகப் போங்க. உள்ளே நின்று சமைக்கிற அளவு வீடுதான் வேணும் என்றால், அங்கீகாரத்தோடு கட்டுகிற இடத்துக்குப் போங்க. ரெண்டுக்கும் நடுவில், மலிவாக வாங்கி யாருக்கும் தெரியாமல் வெல்டிங் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கேம்பரை ஏற்றி, தண்ணீர் நிரப்பி, டீசல் ஃபுல் பண்ணி, கூட வருபவர்களையும் உட்கார வைத்து, பக்கத்தில் இருக்கிற எடை மேடையில் வண்டியை நிறுத்துங்க. தேங்காயும் பஞ்சும் எடை போடுற அதே மேடைதான். சின்னத் தொகைதான் வாங்குவார்கள். ரசீதில் வரும் எடை ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையைத் தாண்டினால், அன்றைக்கு மலை ஏறாதீங்க. எதை இறக்கி வைக்கலாம் என்று வீட்டுக்குப் போய் யோசியுங்க.