25,000 ரூபாய் கிம்பலா, வீட்டில் செய்த ஸ்பிரிங் கையா? கணக்கு போட்டுப் பார்ப்போம்

போன வீடியோவில் வீட்டிலேயே செய்த கேமரா ஸ்டெபிலைசரைக் காட்டினதும், "என்னென்ன பார்ட்ஸ் சார்? இதைக் கணக்குல எழுதலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வீடியோவில் அவசரமா ஓட்டினதை இங்கே நிதானமா எழுதுறேன்.

இந்தப் பேச்சை ஆரம்பிச்சு வெச்சது அக்காள்மடத்தில் இருந்து ஒரு தம்பி. பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். படகு, வலை, மீன் ஏலம்னு வீடியோ போடுறார். நடந்துகிட்டே எடுத்தா படம் குலுங்குது. அதனால 25,000 ரூபாய்க்கு ஒரு கிம்பல், அதுவும் இஎம்ஐ-ல. "மார்ச் 31-க்குள்ள வாங்கிட்டா வரி மிச்சம்தானே சார்?"ங்கிறது அவர் கேள்வி.

மிச்சமாகும். எவ்வளவுன்னு பாருங்க. கிம்பல் ஒரு சொத்து. வாங்கின விலை முழுசையும் அந்த வருஷமே செலவா கழிக்க முடியாது. தேய்மானம் 15%. வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதில் பாதிதான், 7.5%. ஆக மார்ச்சில் வாங்கினா கழியுறது 1,875 ரூபாய். நீங்க 20% வரி கட்டுறவரா இருந்தா, செஸ் சேர்த்து மிச்சம் 390 ரூபாய். 25,000 செலவு பண்ணி 390! அதுவும் 2025-26-ல் புது வரி முறையில் 20% ஸ்லாபுக்குப் போகணும்னா வருமானம் 16 லட்சத்தைத் தாண்டணும். 12 லட்சத்துக்குள்ள இருக்கிற சாதாரண வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரியே பூஜ்யம். இல்லாத வரியில் எதை மிச்சம் பிடிக்கிறது? விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம்னு அனுமான முறையில் கணக்கு காட்டுறவங்களுக்கும் தேய்மானத்தைத் தனியா கழிக்க வழியில்லை.

இஎம்ஐ விஷயம் இன்னும் முக்கியம். "நோ காஸ்ட்"னு போட்டிருந்தாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம்னு பொதுவா ஏதாவது ஒட்டிக்கிட்டு வரும். அதை விடுங்க. இந்தத் தம்பி வீட்டு வருமானம் விசைப்படகை நம்பி இருக்கு. ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிக்கும், இஎம்ஐ நிக்காது.

சரி, வீட்டுத் தயாரிப்புக்கு வருவோம். 1970-களில் கேரட் பிரவுன்ங்கிற அமெரிக்க ஒளிப்பதிவாளர் கண்டுபிடிச்சதுதான் ஸ்டெடிகேம். 1976-ல் வந்த 'ராக்கி' படத்தில் ஹீரோ படிக்கட்டில் ஓடி ஏறுற காட்சி அதில் எடுத்ததுதான். பிறகு ஜானி சுங் லீ என்பவர் சாதாரண இரும்புப் பைப்பை வெச்சு 14 டாலரில் ஒரு ஏழை ஸ்டெடிகேம் செய்து, செய்முறையை எல்லாருக்கும் கொடுத்தார். ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான்: எடையைப் பிரிச்சுத் தள்ளி வெச்சா, அது சட்டுனு திரும்ப மறுக்கும்.

முதல்ல தண்டு. முக்கால் அடியில் இருந்து ஒண்ணரை அடி வரை அலுமினியக் குழாய். மேலே கேமரா தட்டு. அதுக்கு வேண்டிய திருகு கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. கீழே எதிர் எடை. இதுக்கு நம்ம ஊரில் கடைக்கே போக வேண்டாம், வலையில் கட்டுற ஈயக்குண்டு போதும். துருப்பிடிக்காது. டேப் சுத்திக்கோங்க, ஈயத்தைக் கையால் தொட்டுட்டே இருக்கிறது நல்லதில்லை. கைப்பிடி தண்டைப் பிடிக்கிற இடத்தில் 608 பேரிங்கும், எந்தப் பக்கமும் சாயுற ஒரு மூட்டும் வேணும். காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது ஒண்ணுதான். பேரிங் இறுகினா கை நடுக்கம் அப்படியே படத்துக்குப் போயிடும். பாம்பன் உப்புக்காத்தில் சாதா இரும்பு பேரிங் சீக்கிரம் கரகரன்னு ஆயிடும், ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குங்க.

எடை சரியான்னு பார்க்க ஒரு சோதனை இருக்கு. தண்டைப் படுக்கையா பிடிச்சு விடுங்க. நிமிர்ந்து வர ரெண்டு, மூணு விநாடி ஆகணும். டக்குனு நிமிர்ந்தா கீழே எடை அதிகம்.

அடுத்து கை. ரெண்டு பட்டையை இணையா வெச்சு, ரெண்டு முனையிலும் ஒரு கட்டை. நாலு மூலையும் போல்ட்டில் தாராளமா திரும்பணும். இதனால கை ஏறினாலும் இறங்கினாலும் கேமரா முனை நேராவே நிக்கும். ஸ்பிரிங்கை உடம்புப் பக்க மேல் மூலையில் இருந்து கேமரா பக்கக் கீழ் மூலைக்குக் குறுக்கே மாட்டணும். மாத்தி மாட்டினா தூக்குறதுக்குப் பதிலா கீழே அமுக்கும்! குட்டையான கடின ஸ்பிரிங்கை விட நீளமான மென்மையான ஸ்பிரிங் நல்லது; மேலேயும் கீழேயும் தூக்கும் பலம் ரொம்ப மாறாது. ஒரு முனையில் டர்ன்பக்கிள் போட்டா இழுவையைக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்பிரிங் உள்ளே ஒரு நைலான் கயிறைக் கோர்த்துக் கட்டிடுங்க, அறுந்தா முகத்துக்குப் பறந்து வராது. கையை உடம்போட பிடிக்கப் பழைய ஸ்கூல் பை வாரும் ஒரு பிளைவுட் பலகையும் போதும். எடை தோளில் இல்லாம இடுப்பில் உட்காரணும்.

லேத் பட்டறைக் கூலி சேர்த்து 2,000 ரூபாய்க்குள்ள முடிக்கப் பாருங்க. அதைத் தாண்டினா பழைய கிம்பல் தேடலாம்.

இது எல்லாத்துக்கும் மருந்தா? இல்லை. ஏலக்கூடத்தில் நடக்க, கரையில் வலை இழுக்கிறவங்க கூடவே போக, அருமையா வேலை செய்யும். ஓடுற படகில் செய்யாது. ஒவ்வொரு அலைக்கும் அடி எடை ஊஞ்சல் மாதிரி ஆடும், காத்து வேற தள்ளும். அங்கே உட்கார்ந்து, கையை உடம்போட ஒட்டி வெச்சு, போன்ல இருக்கிற ஸ்டெபிலைசேஷனை நம்புறதுதான் சரி. உட்கார்ந்து பேசுற வீடியோன்னா இது எதுவுமே வேண்டாம், ட்ரைபாட் போதும்.

கடைசியா பில். குழாய், பேரிங், லேத் கூலி எல்லாத்துக்கும் சின்னதா ஒரு பில்லாவது வாங்கி ஒரு கவரில் போடுங்க. எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சொத்தோட விலை. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறவங்க முறையான டாக்ஸ் இன்வாய்ஸ் கேளுங்க, இல்லைன்னா இன்புட் கிரெடிட் கிடையாது. இதே தம்பி பழைய கேமரா ஒண்ணு 40,000-க்கு ரொக்கமா பேசி வெச்சிருக்கார். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல ரொக்கமா கொடுத்தா, அந்தத் தொகை சொத்தின் விலையில் சேராது, தேய்மானமும் பூஜ்யம். யுபிஐ-யில் அனுப்பச் சொல்லியிருக்கேன்.