சிசி ஒன்று, சுவர் வேறு

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையோரப் பட்டறைக்கு ஒரு புல்லட்டோ பழைய அம்பாசடரோ புகை கக்கிக்கொண்டு வந்தால் மெக்கானிக் அதிகம் யோசிக்க மாட்டார். பிளாக்கைக் கழற்றி ரீபோருக்கு அனுப்பிவிடுவார். தேய்ந்த சிலிண்டரை அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைப் போட்டால் இன்ஜின் இன்னும் சில வருஷம் ஓடும். செம்பியத்தில் 1949 முதலே பிஸ்டன் செய்துவரும் ஊர் சென்னை. பிஸ்டனுக்கு இங்கே பஞ்சமில்லை.

இந்த வைத்தியம் பலிக்காத இன்ஜின் ஒன்று உண்டு: ரோட்டரி. அதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை வடிவ அறைக்குள் ஒரு முக்கோண ரோட்டர் சுற்றுகிறது. அது ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல்கள் அறையின் சுவரை ஒரு கணமும் விடாமல் உரசிக்கொண்டே போகும். அந்தச் சுவர்தான் ரோட்டர் ஹவுசிங். அலுமினிய வார்ப்பு, உட்புறத்தில் மெல்லிய எஃகுத் தகடு, அதன்மேல் ஹார்டு குரோம் பூச்சு. குரோம் உரிந்தால் கதை முடிந்தது. அறை வட்டமாக இல்லாததால் போரிங் மெஷின் உதவாது. எப்படியோ குடைந்துவிட்டாலும் உள்ளே போட ஓவர்சைஸ் ரோட்டர் கிடையாது. வேறு ஹவுசிங்தான் தேட வேண்டும். அந்த மாடலுக்குக் கிடைக்காவிட்டால்? முந்தைய தலைமுறை இன்ஜினின் ஹவுசிங் இதற்குப் பொருந்துமா?

பொருந்தும் என்று நம்ப இடம் கொடுப்பது இந்த இன்ஜினின் கட்டுமானம். டிபன் கேரியரைப் போல இது அடுக்கு இன்ஜின்: ஒரு வார்ப்பிரும்புத் தட்டு, ஒரு ஹவுசிங், மறுபடி தட்டு, மறுபடி ஹவுசிங், கடைசியில் ஒரு தட்டு. எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் நீளமான போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. ஓர் அடுக்கைக் கழற்றி வேறொன்றை வைப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் முதலில் தோன்றும்.

இங்கே மூன்று எண்கள் குறுக்கே வருகின்றன. ரோட்டரின் மையத்திலிருந்து முனைவரை உள்ள ஆரம், ஷாஃப்டின் மையத்திலிருந்து ரோட்டரின் மையம் விலகியிருக்கும் தூரம், ரோட்டரின் அகலம். மூன்றையும் பெருக்கி, வருவதை 5.196-ஆல் மீண்டும் பெருக்கினால் ஓர் அறையின் கொள்ளளவு வந்துவிடும். 1967-இல் மாஸ்டா காஸ்மோ ஸ்போர்ட் காரில் வந்த 10ஏ இன்ஜினில் ஆரம் 105 மி.மீ., விலகல் 15 மி.மீ., அகலம் 60 மி.மீ. அடுத்த 12ஏ-வில் அகலம் மட்டும் 70 ஆனது. அதற்கடுத்த 13பி-யில் 80. முதல் இரண்டு எண்களை யாரும் தொடவில்லை. 1991-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி-யின் நான்கு ரோட்டர் இன்ஜினிலும் அதே 105, அதே 15, அதே 80. சுவரின் வளைவு மாறவே இல்லை, அகலம்தான் கூடியது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு ஜோடி உண்டு. ஆவடி இன்ஜின் தொழிற்சாலையில் டி-72, டி-90 டாங்கிகளுக்காகத் தயாராகும் 12 சிலிண்டர் டீசல் இன்ஜின்களின் பூர்வீகம் இரண்டாம் உலகப் போர்க் கால டி-34 டாங்கி. 500 குதிரைத்திறனில் தொடங்கி 1,000-ஐத் தொட்டுவிட்ட அந்தக் குடும்பத்தில் சிலிண்டரின் விட்டம் இன்றும் 150 மி.மீ.தான். நன்றாக அமைந்த ஓர் அளவை இன்ஜின்காரர்கள் லேசில் கைவிடுவதில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த கதாபாத்திரம் 13ஏ. லூசே ஆர்130 என்ற காருக்காக 1969-இல் மாஸ்டா செய்த இன்ஜின். ஆரம் 120, விலகல் 17.5, அகலம் 60. பெருக்கிப் பாருங்கள்: 1,26,000. 13பி-யின் 105, 15, 80-ஐப் பெருக்கினாலும் 1,26,000. இரண்டுமே ரோட்டருக்கு 655 சிசி, பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஒன்றின் ரோட்டரை மற்றதன் ஹவுசிங்குக்குள் நுழைக்கவே முடியாது. சிசியை மட்டும் பார்த்து உதிரிபாகம் வாங்குகிறவரை இதைவிட அழகாக யாரும் ஏமாற்ற முடியாது.

சரி, 13பி-க்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாமே? அங்கேயும் ஒரு ரப்பர் வளையம் வழிமறிக்கிறது. குளிர்விக்கும் தண்ணீர் ஹவுசிங்குகளையும் தட்டுகளையும் ஊடுருவித்தான் ஓடுகிறது. அது அறைக்குள் கசியாமலிருக்க ஒவ்வொரு இணைப்பிலும் வாட்டர் சீல் உண்டு. 1985 வரை அந்த சீல் உட்காரும் பள்ளம் ஹவுசிங்கில் வெட்டப்பட்டிருந்தது. 1986 மாடலாக வந்த இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 முதல் அதைத் தட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய ஹவுசிங்கையும் புதிய தட்டையும் சேர்த்தால் இரண்டு பக்கமும் பள்ளம்; சீல் நசுங்காமல் தொளதொளக்கும். புதிய ஹவுசிங்கையும் பழைய தட்டையும் சேர்த்தால் எந்தப் பக்கமும் பள்ளம் இல்லை. சீலுக்கு உட்கார இடமே கிடையாது. வளைவு மயிரிழை பிசகாமல் பொருந்தும், போல்ட்டும் இறுகும், காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை வரும்.

2003-இல் ஆர்எக்ஸ்-8 காருக்காக வந்த ரெனிசிஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அதுவரை ஹவுசிங் சுவரில் இருந்த புகைபோக்கித் துளையை எடுத்துத் தட்டுக்குள் வைத்துவிட்டது. அதன் ஹவுசிங்கைப் பழைய 13பி-யில் போட்டால் எரிந்த வாயு வெளியேற வழியே இருக்காது. தட்டிலுள்ள துளைகளை அடைத்துவிட்டு, ரெனிசிஸ் தட்டுகளோடு பழைய ஹவுசிங்கைச் சேர்த்து இன்ஜின் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ரிப்பேர் வேலை அல்ல, பொழுதுபோக்கு. பர்ஸ் கனமாக இருக்க வேண்டும்.

சுவரில் இவ்வளவு கவனம் ஏன் என்பதை மாஸ்டாவின் ஆரம்ப நாட்கள் சொல்லும். ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடம் 1961-இல் உரிமம் வாங்கி, கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பேர் வேலையில் இறங்கியபோது, முனைச் சீல் அதிர்ந்து அதிர்ந்து ஹவுசிங் முழுக்க அலையலையாகக் கோடு போட்டது. பேயின் நகக்கீறல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இந்தியாவுக்கும் இதே பாடம் வந்தது. நிஷாந்த் என்ற ஆளில்லா விமானம், உள்நாட்டிலேயே உருவான 55 குதிரைத்திறன் ரோட்டரி இன்ஜினோடு 2009-இல் கோலாரில் பறந்தது. அந்த இன்ஜினின் அறைச் சுவருக்குப் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய பூச்சு குரோம் அல்ல, நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்தது.

மாஸ்டா 2012-இல் ரோட்டரி காரை நிறுத்தி, 2023-இல் எம்எக்ஸ்-30 மின்காருக்குள் ஜெனரேட்டர் ஓட்டும் ஒற்றை ரோட்டராக அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 8சி என்று பெயர், 830 சிசி. ஆரம் 120, விலகல் 17.5: அப்படியே 13ஏ-வின் எண்கள். ஆனால் அகலம் 76. லூசே ஆர்130 மொத்தமே ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் தயாரானது. அவற்றிலொன்றின் ஹவுசிங்கை யாராவது பரணில் பத்திரமாக வைத்திருந்தாலும், 16 மி.மீ. இடிக்கும்.