சுருட்டும் விஸ்கியும் சந்திக்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை. நண்பர் வீட்டு மாடி அறை. மேசைமேல் கண்ணாடிக் குவளையில் இரண்டு விரற்கடை விஸ்கி. பக்கத்தில் மரப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த ஒரு சுருட்டு. நண்பர் அதன் ஒரு முனையை வெட்டினார். மறுமுனையில் நெருப்பு நேராகப் படாமல் தீக்குச்சியைச் சற்றுக் கீழே பிடித்து, சுருட்டை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். விளிம்பு முழுக்கச் சீராகக் கனன்ற பிறகுதான் வாயில் வைத்தார். இழுத்த புகை வாயோடு நின்று வெளியே வந்தது. அதன்மேல் ஒரு மிடறு விஸ்கி.

“ரெண்டும் எப்படிப் பொருந்துது பாருங்க!” என்றார்.

நான் புகைப்பதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஒன்று வெயில் நாட்டில் விளையும் இலை. மற்றது குளிர் நாட்டுத் தானியம். இவை இரண்டுக்கும் என்ன உறவு?

முதலில் சுருட்டைப் பார்ப்போம். ஆங்கிலேயர்கள் ‘செரூட்’ என்று சொல்வது நம் ‘சுருட்டு’தான். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையை உறையூரில் சுருட்டி, திருச்சியின் பெயரில் கப்பலேற்றினார்கள். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலை வைத்தே கொலையாளி குடித்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார்.

கையால் செய்த நல்ல சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு. உள்ளே நீளவாக்கில் மடித்து வைத்த இலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை, எல்லாவற்றுக்கும் மேல் வழவழப்பான போர்வை இலை. செடியின் உச்சியில் வெயில் குடித்து வளர்ந்த இலைக்குக் காரம் அதிகம். அடி இலை மென்மையானது, நன்றாக எரியும். இவற்றை எந்த அளவில் கலப்பது என்பதில்தான் சுருட்டுபவரின் கைத்திறன் இருக்கிறது.

ஆனால் சுருட்டின் மணம் பிறப்பது அதற்கும் முன்பே. உலர்ந்த இலைகளைச் சற்று ஈரப்படுத்தி அம்பாரமாகக் குவிக்கிறார்கள். ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே சூடேறுமே, அதேபோல இந்தக் குவியலும் தானாகச் சூடாகிறது. சூடு எல்லை மீறாமல் பிரித்துப் பிரித்து மறுபடி அடுக்குகிறார்கள். வாரக்கணக்கில், சில வகைகளுக்கு மாதக்கணக்கில் இது நடக்கிறது. அமோனியா வெளியேறி நெடி குறைகிறது. இலை கருத்து மணம் கூடுகிறது.

முடித்த சுருட்டைக் காயவும் விடக்கூடாது, பூசணம் பிடிக்கவும் விடக்கூடாது. அதனால் 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் உள்ள பெட்டியில் வைக்கிறார்கள். பெட்டிக்கு உள்ளே பதிக்கும் ‘ஸ்பானிஷ் சீடர்’ பலகை பெயரில்தான் சீடர். தாவரவியல்படி அது நம் வேம்பின் குடும்பம்.

இனி விஸ்கி. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஐலா என்றொரு தீவு. அங்கே பார்லியை முளைகட்டி, பீட் என்னும் சதுப்புநிலக் கரியை மூட்டி, அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். பாசியும் புதரும் பல்லாயிரம் ஆண்டுகள் மக்கிச் சேர்ந்ததுதான் பீட். அதன் புகை மணம் தானியத்தில் ஏறி, நொதித்தலையும் வடித்தலையும் தாண்டிக் குவளை வரை வந்துவிடுகிறது. வடித்த சாராயத்துக்கு நிறம் கிடையாது. ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்தால்தான் சட்டப்படி அது ஸ்காட்ச் விஸ்கி. அந்தப் பீப்பாய்களில் பெரும்பாலானவை முன்பு அமெரிக்க போர்பன் விஸ்கியைச் சுமந்தவை. போர்பனுக்காக அவற்றின் உட்புறத்தைத் தீயில் கருக்கியிருப்பார்கள்.

நண்பர் வியந்த பொருத்தம் இங்கேதான் இருக்கிறது. மரத்துக்கும் செடிகொடிகளுக்கும் விறைப்பைத் தரும் பொருள் லிக்னின். அது தீயில் சிதையும்போது குவாயகால் என்னும் பொருள் பிறக்கிறது; புகை மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதனுடையது. பீட் எரிந்தாலும், ஓக் பலகை கருகினாலும், புகையிலையின் நரம்பு கனன்றாலும் வருவது இதுதான். சூடுபட்ட ஓக்கின் லிக்னினிலிருந்து வெனிலாவின் மணப்பொருளான வெனிலினும் கிடைக்கிறது. புகையின் கசப்பை அந்த இனிய மணம் தணிக்கிறது. நாக்கில் படிந்த பிசினை மது கரைக்கிறது. வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் இரண்டு மணங்களும், மூளைக்கு ஒரே குடும்பத்துக் குரலாகக் கேட்கின்றன.

விஸ்கியில் சொட்டு நீர் விட்டால் மணம் எழும் என்று ரசிகர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2017இல் ஸ்வீடனின் லினியஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்ல்சனும் ஃபிரீட்மனும் கணினியில் மூலக்கூறுகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது குவாயகாலை ஆல்கஹால் மூலக்கூறுகள் சூழ்ந்து உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. 45 சதவீதத்துக்குக் கீழே போனால் அது மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. மூக்குக்கு அருகில் வந்துவிடுகிறது என்று பொருள்.

இவ்வளவு அழகான வேதியியலைச் சொன்னவன் அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இலைக்கு மணம் தரும் அதே பதப்படுத்தலில்தான், புகையிலைக்கே உரிய நைட்ரசமைன்கள் என்னும் புற்றுநோய்ப் பொருள்களும் பெருகுகின்றன. சுருட்டுப் புகையைப் பெரும்பாலோர் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் புகை காரத்தன்மை கொண்டது. அதிலுள்ள நிக்கோடின் வாயின் மென்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும்.

மணத்தைக் கரைத்துத் தரும் ஆல்கஹால் நஞ்சையும் கரைக்கும். வாயின் மென்தோலைத் தளர்த்தி, புகையின் நச்சுகளை உயிரணுக்களுக்குள் எளிதாக நுழைய விடுகிறது. ஆல்கஹாலே உடலில் அசிட்டால்டிஹைடாகவும் மாறுகிறது. அது மரபணுவைச் சேதப்படுத்தும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் புகை, மது இரண்டின் ஆபத்துகளும் வெறுமனே கூடுவதில்லை, ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. நாக்கில் பொருந்துகிற இரண்டும் நோயிலும் அதே அளவுக்குப் பொருந்துகின்றன. நண்பரிடம் நான் சொல்ல விரும்பியது இதுதான்.

வீட்டுக்குள் புகைத்தால் பங்கு போடுபவர்களும் அதிகம். ஒரு சுருட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலும் கனலும். அந்த நேரமெல்லாம் மூடிய அறையில் சேரும் புகை, கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போகிறது. திரைச்சீலையிலும் மெத்தையிலும் படிகிறது. அன்றிரவு நாங்கள் கீழே இறங்கியபோது நண்பரின் பேத்தி ஓடிவந்து அவர் மடியில் ஏறினாள். ஏறியவள் சட்டையை முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எழுந்துபோய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் ஃபில்டரில் டிகாஷன் இறங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்ததும் எழுந்த மணத்தில் மெல்லிய புகைச்சாயல் ஒன்று உண்டு. வறுத்த காபிக்கொட்டையிலும் குவாயகால் இருக்கிறது. முந்தைய நாள் மாலை அந்த அறையில் நண்பர் தேடிய மணத்தின் ஒரு பங்கு, எந்தக் குழந்தையும் முகம் திருப்பாத வகையில், எங்கள் அடுக்களையில் ஆவியாக எழுந்துகொண்டிருந்தது. அவரைத் தொலைபேசியில் அழைத்து, காபிக்கு வரச் சொன்னேன்.