கண்ணாடித் தரையில் காலடி

மாடி அறைக்குக் குடிவந்தவர் முன்னும் பின்னுமாக நடக்கிறார். கீழே வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். சரவிளக்கு லேசாக ஆடுகிறது. 1927-இல் வந்த ‘தி லாட்ஜர்’ ஊமைப்படம். காலடி ஓசையைக் கேட்கவைக்க வழியில்லை. இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் ஓர் அங்குலக் கனமுள்ள கண்ணாடியால் தரை போட்டார். அதன்மேல் நடிகரை நடக்கவிட்டு, அடியில் கேமராவை வைத்தார். திரையில் கூரை கரைய, ஷூவின் அடிப்பக்கம் தெரிகிறது. ஆடும் விளக்கையும் நகரும் ஷூவையும் கண்ட மாத்திரத்தில் மூளை சத்தத்தைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் ‘தொம் தொம்’ என்றே கேட்கும்.

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் ஐவர் நொவெல்லோ. வேடிக்கை என்னவென்றால், சத்தம்தான் அவர் பிழைப்பு, அவர் இசையமைப்பாளர்.

வேல்ஸில், கார்டிஃப் நகரில் 1893-இல் பிறந்தார். இயற்பெயர் டேவிட் ஐவர் டேவிஸ். அம்மா கிளாரா நொவெல்லோ டேவிஸ் பேர்பெற்ற பாட்டு ஆசிரியை. அவர் பெயரிலிருந்துதான் மகன் ‘நொவெல்லோ’வை எடுத்துக்கொண்டார். பையனுக்கு உச்சஸ்தாயி சுலபமாக வரும். ஆக்ஸ்ஃபோர்டில் மாட்லின் கல்லூரியின் தேவாலயப் பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. பிறகு, எல்லாப் பையன்களுக்கும் வருவது அவருக்கும் வந்தது.

குரல் உடைவதற்கு நம் நாடகக்காரர்கள் வைத்த பெயர் மகரக்கட்டு. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு கூடுகிறது. குரல்வளை பெரிதாகிறது, தொண்டையில் துருத்துவதும் அதுதான். உள்ளே குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையில் தடித்த கம்பி மெல்லிய கம்பியைவிட மெதுவாக அதிர்வதைப் போல, விநாடிக்குச் சுமார் 250 முறை அதிர்ந்த நாண்கள் 120 அளவுக்கு இறங்கிவிடுகின்றன. கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி. எந்த ஸ்வரத்துக்கு எந்தத் தசையை எவ்வளவு இழுக்கவேண்டும் என்று மூளை போட்டுவைத்த கணக்கு செல்லாமல் போகிறது, குரல் பிசிறடிக்கிறது. சிலருக்கு நல்ல குரல் திரும்பும். நொவெல்லோவுக்குத் திரும்பவில்லை.

அவர் பாட்டை விடவில்லை, பிறர் வாயில் வைத்தார். 1914-இல், முதல் உலகப்போர் தொடங்கிய சில மாதங்களில், லீனா கில்பர்ட் ஃபோர்டின் வரிகளுக்கு அவர் போட்ட மெட்டு பிரிட்டன் முழுக்க ஒலித்தது. வயது அப்போது 21. பிறகு கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்து இரண்டு விமானங்களை மோதி நொறுக்கியபின் அவரை மேஜை வேலைக்கு அனுப்பினார்கள். இசைக்கு அது நல்லதாகப் போயிற்று. போர் முடிந்தபின் ஊமைப்பட நாயகனானார். பேசும்படம் வந்ததும் ஹாலிவுட் போய், அதிகம் பேசாத டார்ஜானின் படத்துக்கு வசனம் எழுதினார். இதை யாராவது கற்பனையாக எழுதினால் நம்பமாட்டோம்.

1935 முதல் லண்டன் மேடையில் பெரிய இசைநாடகங்கள் போட்டார். இசையும் கதையும் அவருடையவை, பெரும்பாலும் நாயகனும் அவரே. ஆனால் அந்த நாயகன் பாடமாட்டான். ‘தி டான்சிங் இயர்ஸ்’ நாடகத்தில் மேடையிலேயே பியானோ வாசித்தார், பாடியவர்கள் மற்றவர்கள்.

1951 மார்ச் 6-ஆம் தேதி, ‘கிங்ஸ் ராப்சடி’யில் நடித்துவிட்டு வந்த சில மணி நேரத்தில் மாரடைப்பில் இறந்தார். ஆல்ட்விச் பகுதியில் ஒரு நாடக அரங்கின் உச்சிமாடியில் ஏறக்குறைய 38 ஆண்டுகள் குடியிருந்தவர் அவர். 2005 முதல் அந்த அரங்குக்கு நொவெல்லோ தியேட்டர் என்று பெயர்.