சக்கரத்தின் மேல் ஒரு வீடு

கேரவன் என்றதும் திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்பின் இடைவேளையில் ஓய்வெடுக்கும் வண்டிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். மேலைநாடுகளிலோ அது சாதாரணக் குடும்பங்களின் விடுமுறை வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த இழுவை வண்டியைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டம் குறைந்த ஆற்றங்கரைக்குச் சென்று நான்கைந்து நாள் தங்கித் திரும்புவார்கள். அதன் நுட்பத்தையும், நம் பாலாற்றங்கரையில் அவ்வாறு தங்க விரும்புவோர் அறிய வேண்டியவற்றையும் இங்கே விளக்க முற்படுகிறேன்.

தோற்றம்

1885ஆம் ஆண்டு கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர், உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு வண்டி செய்வித்து, குதிரைகளைப் பூட்டி இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை சென்றார். பின்னர் மோட்டார் கார் பெருகவே, குதிரையின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அதற்கெனக் காட்டப்பட்ட வண்டிகளுள் ஒன்று பாரத்பென்ஸ் பேருந்தின் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்டது. அந்நிறுவனத்தின் ஆலை எங்கள் ஊர்ச் சாலையில் ஒரகடத்தில் உள்ளது என்பதில் எனக்கு ஒரு பெருமை. ஆனால் அது தானே ஓடும் வீடு. நாம் பேசுவது இழுக்கப்படும் வீடு.

பாரம் ஏற்றும் கலை

சிங்கப்பெருமாள் கோவிலில் நின்றால் நாள் முழுவதும் டிரெய்லர் லாரிகளைப் பார்க்கலாம். ஆயினும் கேரவனின் இலக்கணத்தை எனக்குப் புரியவைத்தது மாட்டுவண்டிதான். எங்கள் தாத்தா மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் ஏற்றுவார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும்.

கேரவனுக்கும் இதே விதிதான். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் அழுந்த வேண்டும். பின்பாரம் கூடினால், வேகமாகச் செல்கையில் வண்டி பாம்புபோல் நெளிந்து காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆகவே கனமான பொருள்களை அச்சுக்கு மேலே, தரையோடு தாழ்வாக வைக்க வேண்டும். பின்னோக்கிச் செலுத்தும்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் கேரவனின் பின்புறம் இடப்பக்கம் போகும். இது பழகியே தீரவேண்டிய வித்தை. நிறுத்தியபின், கொக்கியைக் கழற்றுவதற்கு முன்பே சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும்.

ஆற்றை அறிதல்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறு ஆண்டில் பெரும்பகுதி வறண்ட மணலாகவே கிடக்கிறது. அந்த மணலைப் பார்த்து ஏமாறலாகாது. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். மழையோ பல மைல் தொலைவில் பெய்திருக்கும். 1903 நவம்பரில் மேற்கே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து வந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் பலர் மாண்டனர். 2021 நவம்பரிலும் பாலாறு இரு கரையும் புரள ஓடியதை நாம் கண்டோம்.

எனவே ஆற்றுப் படுகையில் வண்டியை இறக்கவே கூடாது. மணலில் சக்கரம் புதைந்தால் வெள்ளம் வரும்போது இழுத்தெடுக்க நேரமிராது. கரையோர மரங்களில் பழைய வெள்ளத்தின் செத்தை எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பார்த்து, அதற்கும் மேடான இடத்தில், வெளியேறும் வழியை நோக்கிக் காரை நிறுத்த வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். ஊராரைக் கேளாமல் குளிக்க இறங்கக் கூடாது. அவர்களிடம் சொல்லி, உரிய அனுமதி பெற்றுத் தங்குவதே முறை.

கழிவு நீர்

கேரவனில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்கு ஒரு தொட்டி என்று தனித்தனியே உண்டு. பின்னிரண்டையும் ஆற்றில் திறந்துவிடுவது பெருந்தவறு. செங்கல்பட்டு முதலிய நகரங்களுக்குப் பாலாற்று மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து குடிநீர் செல்கிறது. இன்று மணலில் விட்டது நாளை குழாயில் வரும்.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே 15 படுக்கைகளுடன் மருத்துவமனை நடந்ததை அது கூறுகிறது. ஆற்றங்கரையைப் பிணி நீக்கும் இடமாகக் கண்டவர்கள் நம் முன்னோர். அக்கரையில் ஓர் இரவு தங்கச் செல்லும் மாணவ நண்பர்கள், தங்கிய சுவடு தெரியாமல் திரும்புவார்களானால், அதுவே அந்த ஆற்றுக்கு நாம் செய்யும் மரியாதை.