அஞ்சடியில் வளர்ந்த பிள்ளைகள்

மலேசியாவில் பி. ரம்லியைத் தெரியாதவர் யார்? நடிப்பு, பாட்டு, இசை, இயக்கம் என்று மலாய்த் திரையுலகையே தோளில் சுமந்த மனிதர். 1929 மார்ச் 22-இல் எங்கள் பினாங்கில் பிறந்தவர். அப்பா அச்சேயிலிருந்து வந்த மாலுமி. 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்டு, சிங்கப்பூருக்கு வரச் சொன்னவர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ் என்ற இந்திய இயக்குநர். 1950-இல் ‘பக்தி’ படத்தில் முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியவர் எல். கிருஷ்ணன். அவர் சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்தவர். இப்படிப்பட்டவர்களின் படப்பிடிப்புத் தளங்களில் தொழில் கற்ற ரம்லி, 1955-இல் ‘பெனாரிக் பெச்சா’வைத் தாமே இயக்கினார். திறமை அவருடையதுதான். அதைக் கண்டு கைதூக்கிவிட இத்தனை பேர் சுற்றி இருந்தார்கள்.

எனக்கும் அப்படிச் சுற்றி இருந்தவர்கள் உண்டு. நான் வளர்ந்தது பினாங்கின் ஜார்ஜ் டவுனில், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். 1833-இல் எழுந்த கோயில் அது. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு சீனர் ஊதுபத்திக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும், கடை முன் நடைபாதையான அஞ்சடியில் கிடக்கும் அவருடைய முக்காலிதான் எனக்கு இடம். மணிச்சட்டத்தை ஒரு தட்டுத் தட்டி நேராக்கிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவார். பத்துக் காசு மீதியானாலும் இரண்டு முறை கூட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். ஹொக்கியனில் எண்ணக் கற்றது அங்கேதான். பிறகு ஆசிரியையாகி நோட்டுகளைத் திருத்தியபோது, மேலிருந்து கூட்டியதைக் கீழிருந்தும் ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் என் கை நகராது. அப்பா சொன்ன புத்திமதிகளில் பாதி மறந்துவிட்டது. அந்தக் கடைக்காரர் ஒருநாளும் எனக்குப் புத்தி சொன்னதில்லை.

அமெரிக்காவில் ஜூடித் ரிச் ஹாரிஸ் என்பவர் 1998-இல் எழுதிய புத்தகத்தில், பிள்ளைகளின் குணத்தைச் செதுக்குவதில் பெற்றோரைவிடக் கூட்டாளிகளுக்கே பங்கு அதிகம் என்று வாதிட்டார். குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் தாய்தகப்பனைப் போலப் பேசாமல், கூட விளையாடுகிறவர்களைப் போலப் பேசுவதை அதற்குச் சான்றாகக் காட்டினார். பெரிய சர்ச்சை கிளம்பியது. என்னாலும் அவர் சொன்னதை முழுக்க ஏற்க முடியவில்லை. பிள்ளை எந்தத் தெருவில், யார் நடுவில் வளரவேண்டும் என்று முடிவு செய்வது பெற்றோர்தானே? நம் வள்ளுவரும் ‘பெரியாரைத் துணைக்கோட’லையும் ‘சிற்றினஞ்சேராமை’யையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்திருக்கிறார்.

ஆனால் தெருவே கலைந்துபோனால்? ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் எளியவர்கள் காலூன்றி நின்றதற்கு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முக்கியக் காரணம். 2000 ஜனவரியில் அந்தப் பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஏறியது, பல குடும்பங்கள் மூட்டை கட்டின. 2008-இல் யுனெஸ்கோ நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். கட்டடங்கள் தப்பின. அவற்றில் பலவற்றில் இன்று தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும். அங்கே வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அடுக்குமாடிகளில், இரும்புக் கதவுக்குப் பின்னால், கைப்பேசியோடு இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத பிள்ளையைத் தேடி வந்து பேச்சுக் கொடுப்பவன் எப்படிப்பட்டவன் என்று யாருக்குத் தெரியும்? குண்டர் கும்பலில் சிக்கிய நம் பையன்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. தனித்து நிற்கும் பிள்ளையைத்தான் அந்தக் கும்பல்கள் முதலில் தேடுகின்றன.

பெற்றோர்களே, பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்கும்போது, ஓய்வுநேரத்தில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள். அந்தக் கூட்டாளி மலாய்க்காரரோ, சீனரோ, தமிழரோ, வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு வேளை சோறு போட்டுப் பேச்சுக் கொடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தால், அவனையும் கூப்பிடுங்கள்.