தாலிக்கொடி ஊக்கும் குடல்வாலும்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியோ, கிள்ளான் தாமான் வீடோ, கர்ப்பிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் வருவது ஓமத் தண்ணீர். "வாயுதாம்மா, சரியாப் போயிரும்" என்பார் மாமியார். பெரும்பாலும் அவர் சொன்னபடியே சரியாகிவிடும். ஆகாத நாளில்தான் வம்பு.

தொப்புளைச் சுற்றிக் கிளம்பும் வலி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே குடியிருந்தால் குடல்வால் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் புள்ளியை 1889-இல் சார்லஸ் மெக்பர்னி விரல் நுனியால் குறித்துக் காட்டினார். 1986-இல் அல்வரடோ அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டார். 2010-இல் புருணை மருத்துவர்கள் ஆசியர்களுக்கென்று 'ரிபாசா' பட்டியலை வெளியிட்டார்கள். அதில் வெளிநாட்டு அடையாள அட்டைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு!

கர்ப்பிணியிடம் இந்தக் கணக்குகள் தடுமாறும். குமட்டல், வாந்தி, வெள்ளணு மிகுதி எல்லாம் கர்ப்பத்தோடு வருபவையே. வளரும் கருப்பை குடல்வாலை இடம் பெயர்த்தும் விடலாம். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போலப் பிரசவம் மிகுந்த இடங்களில் அடிவயிற்று வலியோடு வரும் கர்ப்பிணி புதியவர் அல்லர். எந்த வலி எது என்பதுதான் கேள்வி. குடல்வால் வெடித்துவிட்டால் சிசுவை இழக்கும் அபாயம் பல மடங்கு ஏறும். தேவையில்லாமல் வயிற்றைத் திறந்தாலும் ஆபத்து உண்டு. பொறுத்துப் பார்ப்போம் என்பதும் தவறாகலாம், உடனே கத்தி எடுப்பதும் தவறாகலாம்.

முதலில் அல்ட்ராசவுண்ட். மாதம் ஏற ஏற அதில் குடல்வால் கண்ணில் படுவதே அரிது. அடுத்த கதவு எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சு இல்லை, காந்தப்புலமும் ரேடியோ அலையும்தான். சிசுவைக் கருதி, கடோலினியம் என்ற சாய ஊசியையும் தவிர்ப்பார்கள். வீங்கிய குடல்வாலும் அதைச் சுற்றிய நீரும் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தால், கர்ப்பிணிகளிலும் 100-க்கு 90-க்கு மேல் இது நோயைப் பிடித்துவிடுகிறது.

1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலிது. தாலித் தங்கத்தை அது இழுக்காது. ஆனால் நம் பெண்கள் அவசரத்துக்கு ஆகுமென்று தாலிக்கொடியில் மாட்டி வைத்திருக்கும் இரும்பு ஊக்குகளை இழுக்கும். தங்கமும் படத்தைக் கெடுக்கும் என்பதால் தாலியையே கழற்றச் சொல்வார்கள். மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டி அனுப்பினால் மாமியார் மனமும் ஆறும், படமும் தெளியும்.

எல்லா மருத்துவமனையிலும் நடுராத்திரி எம்.ஆர்.ஐ. கிடைத்துவிடாது. அப்போது சி.டி. எடுக்கலாமா என்றால், அவசியமானால் எடுக்கலாம். அடிவயிற்றுக்கு ஒருமுறை எடுக்கும் சி.டி.யில் சிசுவுக்குச் சேரும் கதிர்வீச்சு, ஊனம் உண்டாக்குவதாகக் கருதப்படும் 50 மில்லிகிரே அளவுக்குப் பொதுவாகக் கீழேதான். கதிர்வீச்சுப் பயத்தில் விடியட்டும் என்று காத்திருப்பதுதான் அதைவிடப் பெரிய துணிச்சல்.